காதலின் பெயரால்: மானோன் லெஸ்கோவின் கதையும் காலமும்

பாரிஸ் மாநகரிலிருந்து லெ ஆவ்ர் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பாஸி என்னும் சிற்றூர் ஒன்று உளது. ஒருநாள் அவ்வூர்ச் சத்திரத்தின் முன்னே பெருங்கூட்டம் கூடியிருந்தது. மூடுவண்டிகள் இரண்டு வந்து நின்றன. அவற்றில் வந்தோர் பன்னிரண்டு பெண்கள். அறுவர் அறுவராக இடுப்பிற் சங்கிலியிட்டுப் பிணைக்கப்பட்டவர்கள். ஒழுக்கங்கெட்டவர்கள் என்று கூறப்பட்டு அமெரிக்காவுக்கு நாடு கடத்தப்படுபவர்கள். அவர்களுள் ஒருத்தி, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தன் முகத்தைக் காணாவண்ணம் திரும்பிக்கொள்ள முயன்றாள். சற்றுத் தொலைவில் ஓர் இளைஞன் துயரமே உருவாக அமர்ந்திருந்தான். பாரிசிலிருந்து அவ்வண்டிகளைத் தொடர்ந்து வந்தவன் அவன். அவளோடு ஒரு வார்த்தை பேசுவதற்கும் காவலருக்குக் காசு கொடுக்கவேண்டியிருந்தது. கையிலிருந்த காசோ தீர்ந்துவிட்டது.

பிரெஞ்சு இலக்கியத்தில் அழியா இடம்பெற்ற ஒரு நாவல் இக்காட்சியோடு தொடங்குகிறது. அந்தப் பெண் மானோன் லெஸ்கோ. அந்த இளைஞன் தெகிரியூ என்னும் உயர்குலத்துப் பிள்ளை. 1731ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்து அம்ஸ்டர்டாம் நகரில் அச்சேறிய இந்நூலை இயற்றியவர் அபே பிரெவோ என்னும் குருவானவர். உலகத்தை விட்டு ஒதுங்கிய ஒரு பிரபுவின் நினைவுக் குறிப்புகளாக அவர் எழுதிய நெடுங்கதையின் ஏழாவது பாகமாக இது வெளிவந்தது. முதல் ஆறு பாகங்களை இன்று தேடிப் படிப்பார் மிகச் சிலரே. பின்னிணைப்புப்போல வந்த ஏழாவது பாகமோ தாயினின்று பிரிந்து தனி நூலாக நின்று, இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றது.

எல்லை கடந்த காமத்தைப் பெருந்திணை என்று தனியே வகுத்து வைத்தது தமிழிலக்கணம். தெகிரியூவின் காதலையும் அவ்வகையிற் சேர்த்து ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் ஐரோப்பிய வாசகர்கள் அதனை ஒதுக்கவில்லை. பொய், சூது, வஞ்சம், கொலை என்ற அத்தனையையும் செய்தவன் மீது அவர்கள் இரக்கங்கொண்டார்கள். அவனுக்காகக் கண்ணீர் விட்டார்கள். இது எவ்வாறு நிகழ்ந்தது? காதலுக்காகச் செய்த குற்றம் குற்றமாகாது என்ற எண்ணத்துக்கு இந்நூல் எவ்வாறு இடங்கொடுத்தது? அக்குற்றங்களின் விலையை உண்மையிற் செலுத்தியோர் யாவர்? மானோன் லெஸ்கோவின் கதையையும் அது பிறந்த காலத்தையும் ஒருங்கே வைத்து நோக்கினால் இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும்.

தெகிரியூ பதினேழு வயதுப் பையன். ஆமியேன் நகரில் தத்துவக் கல்வியைச் செவ்வனே முடித்தவன். நற்பண்புள்ளவன் என்று ஆசிரியர்கள் போற்றிய மாணவன். மறுநாள் தந்தையின் வீட்டுக்குத் திரும்ப வேண்டியவன், அன்று மாலை தன் நண்பன் திபேர்ஜுடன் உலாவிக்கொண்டிருந்தான். ஆராஸ் நகரிலிருந்து வந்த கோச்சு வண்டியிலிருந்து சில பெண்கள் இறங்கினார்கள். அவர்களுள் அவனிலும் இளையவளாகிய ஒருத்தி முற்றத்தில் தனியே நின்றாள். இன்ப நாட்டம் மிகுந்தவள் என்று அஞ்சிய பெற்றோர் அவளைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பியிருந்தனர். இருவரும் சிறிது நேரம் பேசினர். அடுத்த நாட் காலையில் இருவரும் பாரிசை நோக்கி ஓடிக்கொண்டிருந்தனர்.

பாரிசில் அவர்கள் இன்பமாக வாழ்ந்தது சில வாரங்களே. அடுத்த வீட்டிலிருந்த செல்வர் ஒருவர், அரசாங்க வரியைக் குத்தகைக்கு எடுத்தவர், மானோனின் மனத்தைப் பொருளால் ஈர்த்தார். தெகிரியூவின் தந்தைக்குச் செய்தி அனுப்பப்பட்டது. மகனை ஆட்கள் பற்றி வீட்டுக்குக் கொண்டுபோயினர். நண்பன் திபேர்ஜின் அறிவுரையால் மனந்தேறிய அவன் சென் சுல்பீஸ் குருமடத்திற் சேர்ந்தான். கல்வியில் ஊக்கம், பக்தியில் உறுதி, வருங்காலத்திற் பெரும் பதவி என்று யாவும் அவனை எதிர்நோக்கியிருந்தன. அந்நிலையில் ஒருநாள் மானோன் அவனைக் காண வந்தாள்; மன்னிக்கும்படி அழுதாள். அன்றிரவே குருமடத்து அங்கியைக் களைந்துவிட்டு அவளோடு போய்விட்டான்.

இதன்பின் அவன் இறங்கிய படிகள் ஒவ்வொன்றும் கருதத் தக்கவை. ஷயோ என்ற இடத்திற் குடியிருந்தபோது வீடு தீப்பற்றியது. குழப்பத்தில் பணப்பெட்டி களவு போயிற்று. பணம் போயிற்று என்று அறிந்தால் மானோனும் போய்விடுவாள் என்று அஞ்சி, அதனை அவளுக்கு மறைத்தான். மறைத்த பொய்யைக் காப்பதற்குப் பணம் வேண்டும். திபேர்ஜிடம் கடன் பெற்றான். அதுவும் போதவில்லை. மானோனின் தமையன் லெஸ்கோ சூதாட்டக் கூட்டத்தாரிடம் அவனை அழைத்துச் சென்றான். சீட்டுகளை மறைக்கவும் மாற்றவும் கற்ற தெகிரியூ, நல்ல குடும்பத்துப் பிள்ளையின் மாசற்ற முகத்தையே மூலதனமாக வைத்துப் பிறரை ஏமாற்றினான்.

அடுத்து மானோன் செல்வக் கிழவர் ஒருவரின் பாதுகாப்பை ஏற்பதாக நடித்தபோது, தெகிரியூ அவளுடைய சின்னத் தம்பியாக, ஒன்றும் அறியாத நாட்டுப்புறப் பையனாக, அதே மேசையில் அமர்ந்து உணவருந்தினான். அன்றிரவு கிழவர் கொடுத்த பணத்தோடும் நகைகளோடும் இருவரும் ஓடினர். மறுநாட் காலையிலேயே பிடிபட்டனர். அவன் சென் லசார் மடத்துச் சிறையில் அடைபட்டான். உயர்குடிப் பிள்ளைகளைத் திருத்துவதற்காகக் குருமார் நடத்திய இடம் அது. அவளோ 'ஒப்பித்தால்' எனப்பட்ட பெண்கள் சிறைக்குச் சென்றாள்.

சென் லசாரில் தலைமைக் குரு அவனை அன்போடு நடத்தினார். அந்த அன்பையே அவன் தப்பும் வழியாகக் கொண்டான். லெஸ்கோ இரகசியமாகக் கொண்டுவந்த கைத்துப்பாக்கியை, தன்னை நம்பிய அக்குருவானவரின் மார்புக்கு நேரே நீட்டினான். அவர் கதவுகளைத் திறந்துகொண்டு முன் செல்ல, அரவங்கேட்டு விழித்த பணியாளன் ஒருவன் பாய்ந்து வந்து தடுத்தான். தெகிரியூ சுட்டான். பணியாளன் வீழ்ந்து மாண்டான். உடனே தெகிரியூ குருவானவரைப் பார்த்து, இதற்குக் காரணர் நீரே என்ற கருத்துப்படப் பேசுகிறான். பின்னர், துப்பாக்கியில் மருந்திட்டுக் கொடுத்தமைக்காக லெஸ்கோவைக் கடிந்துகொள்கிறான். துப்பாக்கியை நீட்டியவன் மட்டும் குற்றவாளிகளின் வரிசையில் இல்லை. இறந்தவனுக்கு நூலில் ஒரு பெயர்கூடக் கிடையாது. அவனுக்கு மனைவி மக்கள் இருந்தனரா என்று கேட்பாரும் இலர். ஒரு மனிதனின் உயிர் இரண்டொரு வரிகளில் அடங்கிவிட, கதை மானோனைத் தேடி விரைந்து செல்கிறது.

இங்கேதான் நூலின் அமைப்பை உற்று நோக்க வேண்டும். இக்கதையை ஆசிரியர் நேரே கூறவில்லை. பாஸி ஊரில் இளைஞனைக் கண்டு இரங்கிப் பொருளுதவி செய்த பிரபு, ஏறத்தாழ இரண்டாண்டுகளின் பின் கலே துறைமுகத்தில் அவனை மீண்டும் காண்கிறார். அங்கே ஒரு சத்திரத்தில் அமர்ந்து அவன் தன் வரலாற்றைத் தானே சொல்கிறான். குற்றஞ் செய்தவனும் சாட்சி சொல்பவனும் வழக்குரைப்பவனும் ஒருவனே. பிரபு கேட்டுக்கொண்டிருக்கிறார், வாசகர் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். தெகிரியூவின் குரலோ இனிமையானது. குற்றங்களை அவன் மறைப்பதில்லை. ஒவ்வொன்றையும் நாணத்தோடு ஒப்புக்கொள்கிறான். ஒப்புக்கொள்ளும்போதே அதனைத் தன் காதலின் ஆழத்துக்குச் சான்றாக மாற்றிவிடுகிறான். எவ்வளவு பெரிய பாவமோ அவ்வளவு பெரிய காதல் என்று ஆகிவிடுகிறது.

சிறையில் திபேர்ஜோடு அவன் நிகழ்த்தும் வாதம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அறத்தின் பொருட்டுத் துன்பங்களைத் தாங்குவோர் முடிவில் வரும் பேரின்பத்தை எண்ணித் தாங்குகின்றனர். தானும் மானோனை எண்ணியே துன்பங்களைத் தாங்குவதாக அவன் சொல்கிறான். அடியாரின் தவத்தையும் தன் காமத்தையும் ஒரே தராசில் வைத்து, தன் இன்பமாவது கண்முன் இருப்பது என்று முடிக்கிறான். கேட்ட திபேர்ஜ் திடுக்கிடுகிறான். ஆயினும் கடன் கொடுப்பதை அவன் நிறுத்தவில்லை. நண்பனைத் தேடிப் பின்னர் கடல் கடந்து செல்லும்போது கடற்கொள்ளையர் கையிலும் அகப்படுகிறான். தெகிரியூவின் காதலுக்கு விலை கொடுத்தோருள் இந்த நண்பனும் ஒருவன்.

மானோனைச் சிறையிலிருந்து ஆணுடையில் மீட்டுவந்த பின்னரும் அவர்கள் திருந்தவில்லை. பழைய கிழவரின் மகனே இம்முறை அகப்பட்டான். அந்த இளைஞனைத் தெருவிற் பிடித்து ஓர் இரவு மறித்து வைக்க ஆட்களை அமர்த்திவிட்டு, அவனுக்கு வைத்த உணவை உண்டு அவன் வீட்டிலேயே தங்கத் துணிந்தனர். பொலிசார் வந்து பிடித்தனர். இந்த இடத்தில் நீதி இரண்டாகப் பிரிகின்றது. தெகிரியூவின் தந்தையும் கிழவரும் பொலிஸ் அதிபதியிடம் சென்றனர். மகனை விடுவிக்க வேண்டும், அந்தப் பெண்ணை ஆயுள் முழுவதும் அடைத்துவைக்க வேண்டும், அல்லது அமெரிக்காவுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று வேண்டினர். அவ்வாறே ஆயிற்று. ஒரே வீட்டில், ஒரே குற்றத்தில், ஒரே இரவிற் பிடிபட்ட இருவருள் குலமுடையவன் வீட்டுக்குப் போகலாம். குலமில்லாதவள் சங்கிலிக்குப் போகவேண்டும். கொலை செய்தவன் அவன். அக்கொலைக்காக அவன் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை.

மானோன் சென்ற பாதை பிரெவோவின் கற்பனையன்று. வரலாற்றில் அப்பாதையில் உண்மையான பெண்கள் சென்றார்கள். 1715இல் பதினான்காம் லூயி மன்னர் இறந்தபோது பிரான்சின் திறைசேரி வெறுமையாயிருந்தது. சிறுவனாகிய பதினைந்தாம் லூயியின் பெயரால் ஓர்லியன்ஸ் கோமகன் பிலிப்பு ஆட்சி செலுத்தினார். அவரிடம் ஸ்கொத்லாந்து தேசத்தவராகிய ஜோன் லோ என்பவர் செல்வாக்குப் பெற்றார். 1716இல் ஒரு வங்கியையும், 1717இல் மேற்குத் திசைக் கம்பனி ஒன்றையும் அவர் நிறுவினார். மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்காகிய லூசியானா அக்கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே 6,000 குடியேறிகளையும், 3,000 ஆபிரிக்க அடிமைகளையும் கொண்டுசெல்வதாகக் கம்பனி பொறுப்பேற்றது. பங்குகளின் விலை வானளாவ உயர்ந்தது. பொன் விளையும் நாடு என்று லூசியானா புகழப்பட்டது. ஆனால் விரும்பிச் செல்வோர் போதிய அளவிற் கிடைக்கவில்லை.

ஆகவே விரும்பாதவர்களை அனுப்பும் வழி நாடப்பட்டது. 1718 முதல் 1720 வரையில் நாடோடிகள், உப்பும் புகையிலையும் கடத்தியோர், கடனாளிகள், சிறைப்பட்டோர், குடும்பத்தாரே வேண்டாம் என்று கைவிட்ட பிள்ளைகள் முதலியோர் துறைமுகங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆட்களைப் பிடிப்பதற்கெனத் தனிக் காவற்படை அமர்த்தப்பட்டது. பிடித்த தலைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கூலி கிடைத்தமையால், கண்டவர்களையெல்லாம் பிடிக்கத் தொடங்கினர். 1720இல் பாரிஸ் மக்கள் தெருக்களிற் கிளர்ந்தெழுந்து அக்காவலரைத் தாக்கினர். அவ்வாண்டு மே மாதத்தில் லூசியானாவுக்கு ஆட்களை நாடு கடத்துவது கட்டளை மூலம் நிறுத்தப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் ஜோன் லோவின் வங்கியும் நொறுங்கிற்று. அவரும் நாட்டை விட்டு ஓடினார்.

நாடு கடத்தப்பட்ட பெண்களுட் பலர் சால்பெத்ரியேர் என்னும் பெருஞ் சிறைமனையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். 1656இல் ஏழைகளை அடைத்துவைக்கும் பொது நிலையத்தின் ஒரு பகுதியாகத் தொடங்கப்பட்டது அது. ஒழுக்கங்கெட்ட பெண்களை அங்கே அடைப்பதற்கு 1684இல் விதிகள் வகுக்கப்பட்டன. பெற்றோர் முறையிட்டாலே மகளைச் சிறைப்படுத்த இயன்றது. 1719 டிசம்பர் மாதத்தில் 'லா மூட்டின்' என்ற கப்பல் லெ ஆவ்ரிலிருந்து இத்தகைய பெண்களை ஏற்றிக்கொண்டு லூசியானாவுக்குப் புறப்பட்டது. டிஜீன் அம்மையார் என்னும் பேராசிரியர் பழைய பொலிஸ் ஆவணங்களை ஆராய்ந்து 2022இல் அப்பெண்களின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். பலர் மீது சாட்டப்பட்ட குற்றங்களுக்குத் தக்க ஆதாரம் இருக்கவில்லை என்பதும், வறுமையே பலருடைய உண்மையான குற்றம் என்பதும் அவ்வாய்வினாற் புலனாகின்றன.

மானோனின் கதை நிகழ்ந்ததாக நூல் காட்டும் காலத்தைக் கணக்கிட்டால், பதினான்காம் லூயியின் இறுதி ஆண்டுகளுக்குச் செல்ல வேண்டும். அக்காலத்தில் நியூ ஓர்லியன்ஸ் என்ற ஊரே இல்லை. அது 1718இல் நிறுவப்பட்டது. ஆகவே பிரெவோ தம் இளமையிற் கண்டுங்கேட்டும் அறிந்த நிகழ்ச்சிகளைச் சில ஆண்டுகள் பின்தள்ளி எழுதினார் என்பது தெளிவு. அமெரிக்காவை அவர் கண்டதில்லை. மானோன் இறக்கும் இடத்தை மணல் வெளியென்று வருணித்தார். உண்மையில் நியூ ஓர்லியன்சைச் சூழ்ந்திருந்தவை சதுப்பு நிலங்கள். ஆனால் ஊரின் வறுமையை அவர் மிகைப்படுத்தவில்லை. 1722இல் அங்கே சென்ற யேசு சபைக் குரு ஷார்லவுவா கண்டது ஒழுங்கின்றி அமைந்த ஏறத்தாழ நூறு குடில்களையே.

அந்த எளிய ஊரில் மானோனும் தெகிரியூவும் முதன்முறையாக அமைதியோடு வாழ்ந்தனர். அவர்கள் கணவன் மனைவியர் என்றே தேசாதிபதி எண்ணியிருந்தார். பொய்யிலே தொடங்கிய உறவை மெய்யாக்க விரும்பிய தெகிரியூ, தாங்கள் இன்னும் மணம்புரியவில்லை என்ற உண்மையைத் தேசாதிபதியிடம் தானே கூறி, மணம்முடிக்க அனுமதி கேட்டான். கதை முழுவதிலும் அவன் செய்த மிக நேர்மையான செயல் அதுவே. அதுவே அழிவுக்கும் வித்தாயிற்று. மணமாகாத பெண்ணாயின் அவளை விரும்பியவருக்குக் கொடுக்கும் உரிமை தமக்கு உண்டென்று தேசாதிபதி கூறி, தம் மருமகன் சின்னலேக்கு அவளைக் கொடுக்க முடிவு செய்தார். வாட்போர் நிகழ்ந்தது. சின்னலே இறந்துவிட்டான் என்று எண்ணிய தெகிரியூ மானோனை அழைத்துக்கொண்டு ஊரை விட்டோடினான். நடந்து களைத்த மானோன் அடுத்த நாளே மாண்டாள். தன் வாளை முறித்து, அதனாலும் கைகளாலும் மணலைத் தோண்டி அவளைப் புதைத்தான். சின்னலே உண்மையில் இறக்கவில்லை என்பது பின்னரே தெரிந்தது. ஓடியிருக்க வேண்டியதேயில்லை.

வரலாறும் கதையும் வேறுபடும் இடம் இதுவே. சங்கிலியோடு கப்பலேறிய பெண்களுட் பலர் நோயாலும் பசியாலும் மாண்டனர். ஆனால் எஞ்சியோருட் சிலர் அப்புது நாட்டில் மணம்புரிந்தனர், நிலம் பெற்றனர், மக்களை வளர்த்தனர். லூசியானாவின் பழங்குடும்பங்கள் சிலவற்றின் மூதாட்டியர் அவர்களே. உண்மைப் பெண்கள் பிழைத்துக்கொண்டார்கள். கதைப் பெண்ணோ பிழைக்க முடியவில்லை. காதலனின் துயரம் நிறைவு பெறுவதற்கு அவள் இறந்தே ஆகவேண்டியிருந்தது.

நூலாசிரியரின் வாழ்க்கையும் அமைதியானதன்று. 1697இல் பிரான்சின் வடபகுதியாகிய ஆர்த்துவா மாகாணத்திற் பிறந்த பிரெவோ, யேசு சபையிற் பயின்றார், படையிற் சேர்ந்தார், 1721இல் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியாக வாக்குறுதி எடுத்தார், குருப்பட்டமும் பெற்றார். 1728இல் மேலோரின் அனுமதி வருமுன் மடத்தை விட்டு வெளியேறியதனால், அவரைக் கைதுசெய்யக் கட்டளை பிறந்தது. இங்கிலாந்துக்கும் பின்னர் ஒல்லாந்துக்கும் ஓடினார். ஒல்லாந்தில் லெங்கி என்னும் பெண்ணின் தொடர்பு ஏற்பட்டது. கடன் பெருகிற்று. 1733இல் மீண்டும் இலண்டனுக்குச் சென்ற அவர், முன்னாள் மாணவர் ஒருவரின் பெயரிற் பொய்ப் பணப் பத்திரம் எழுதிய குற்றத்துக்காகச் சிறைப்பட்டார். அக்காலத்து ஆங்கிலச் சட்டப்படி அது தூக்குத்தண்டனைக்குரிய குற்றம். மாணவர் வழக்குத் தொடராமையினால் விரைவில் விடுதலையானார். நாவல் வெளியாகி இரண்டாண்டுகள் கழிந்த பின் நடந்த செய்தி இது. தெகிரியூவுக்குத் தாம் எழுதிய வழியிலே தாமும் சில அடி நடந்து பார்த்தவர்போலத் தோன்றுகிறார். பின்னர் பிரான்சுக்குத் திரும்பி மன்னிப்புப் பெற்று, ரிச்சர்ட்சனின் ஆங்கில நாவல்களை மொழிபெயர்த்து, 1763இற் காலமானார்.

நூலின் முகவுரையில் இது ஒழுக்க நூலென்றே பிரெவோ கூறினார். ஆசைகளின் வலிமைக்கு அச்சந்தரும் எடுத்துக்காட்டாக இளைஞனின் கதை அமையும் என்றார். அதிகாரிகள் அதனை ஏற்கவில்லை. 1733இல் பாரிசில் விற்பனைக்கு வந்த படிகள் பறிமுதலாயின. படித்தவர்களோ வேறொன்று கண்டனர். 1734இல் மொந்தெஸ்கியூ தம் குறிப்பேட்டில் இந்நூலைப்பற்றி எழுதினார். கதைத் தலைவன் போக்கிரி, தலைவி விலைமகள். ஆயினும் நூல் இன்பந்தருகிறது. ஏனெனில் தலைவனின் இழிசெயல்கள் யாவற்றுக்கும் காதலே காரணம், காதல் எப்போதும் உயர்ந்த நோக்கமாகும் என்பது அக்குறிப்பின் கருத்து. சட்டங்களின் உட்பொருளை ஆராய்ந்த அறிஞரே தெகிரியூவின் வாதத்தை ஏற்று அவனை விடுதலை செய்துவிட்டார்.

1753இல் பிரெவோ நூலைத் திருத்தி வெளியிட்டார். முதற் பதிப்பின் இறுதியில் தெகிரியூ இறையருளால் ஒளிபெற்று மனந்திரும்புகிறான். திருத்திய பதிப்பில் அருளைப்பற்றிய பேச்சு மறைந்து, தன் பிறப்புக்கும் வளர்ப்புக்கும் தக்க எண்ணங்கள் அவனுக்கு மீண்டதாகக் கூறப்படுகின்றது. இம்மாற்றம் சிறிதாயினும் பொருள் பெரிது. பாவி திருந்தினான் என்றிருந்தது, பிரபு தன் இடத்துக்குத் திரும்பினான் என்று ஆகிவிட்டது. தாய்நாட்டில் இறங்கிய அவனை எதிர்கொண்டது தந்தையின் மரணச் செய்தி. அதற்கும் தன் நடத்தை காரணமோ என்று அஞ்சுகிறான். ஆனால் அஞ்சுவதற்கு அவன் உயிரோடிருக்கிறான். குடும்பமும் குலமும் அவனுக்காகக் காத்திருக்கின்றன.

பின்வந்த நூற்றாண்டு மானோனை மறக்கவில்லை. 1845இல் மெரிமே எழுதிய 'கார்மென்' கதையிலும், கொலை செய்த காதலனே தன் கதையை அந்நியர் ஒருவருக்குச் சொல்கிறான். கொலையுண்டவளின் பக்கத்தைச் சொல்ல எவருமில்லை. 1848இல் வெளியான இளைய டூமாவின் 'கமேலியா மலர்ப் பெண்' நாவலில், காதலன் தன் காதலிக்குப் பரிசளித்த நூல் 'மானோன் லெஸ்கோ'வே. ஓபர் 1856இலும், மசனே 1884இலும், புச்சினி 1893இலும் அவளை இசை நாடகத் தலைவியாக்கினர். மசனேயின் மானோன் அமெரிக்காவையே காண்பதில்லை. லெ ஆவ்ர் செல்லும் வழியில் இறக்கிறாள். 1949இல் குளூசோ எடுத்த திரைப்படத்தில், இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்துப் பெண்ணாக வந்து பாலஸ்தீனப் பாலைவனத்தில் மடிகிறாள். இடங்கள் மாறின, அவள் சாவு மாறவில்லை. காதலனின் பெயரைத் தலைப்பில் முன்வைத்து வந்த நூல், நாளடைவில் அவள் பெயராலேயே வழங்கலாயிற்று. ஆயினும் அவள் எண்ணியது என்னவென்று அறிந்தவர் எவருமிலர்.

அவளுடைய குரல் நூலில் அரிதாகவே கேட்கிறது. தமையனின் ஏற்பாட்டால் செல்வக் கிழவரிடம் சென்றபோது தெகிரியூவுக்கு அவள் ஒரு கடிதம் எழுதி வைக்கிறாள். உண்ண உணவில்லாதபோது உண்மைக் காதல் காப்பது எளிதன்று என்பது அதன் பொருள். தெகிரியூ அக்கடிதத்தை நன்றிகெட்ட நெஞ்சின் சான்றாகக் காட்டுகிறான். அவள் நிலையிலிருந்து படிப்பார்க்கோ அது வேறொரு செய்தியைக் கூறும். அவன் எவ்வளவு கீழே விழுந்தாலும் தாங்குவதற்குத் தந்தை உண்டு. கடன் கொடுக்க நண்பன் உண்டு. திரும்பிச் செல்லக் குருமடம் உண்டு. அவளுக்கு இருந்தவை மூன்றே: கன்னியர் மடம், செல்வரின் வீடு, சிறைமனை. பசியைப்பற்றி அவள் எழுதியபோது கற்பனையாக எழுதவில்லை. காதலுக்காக எதையும் துறப்பேன் என்று சொல்வது, துறந்த பின்னும் ஏதோ எஞ்சியிருப்பவனுக்கு எளிது.

தெகிரியூவின் காதல் பொய்யென்று கூறுதல் நீதியாகாது. சங்கிலியிடப்பட்ட பெண்ணின் வண்டியை நெடுந்தொலைவு தொடர்ந்து, முன்பின் அறியாத கண்டத்துக்கு அவளோடு கப்பலேறியவனின் அன்பு பொய்யன்று. அவன் அன்பு மெய்யாக இருந்தமையினாலேயே நூல் இன்றும் உயிரோடிருக்கிறது. ஆனால் மெய்யன்பு என்ற ஒன்றே பெயரில்லாப் பணியாளனின் உயிருக்கு ஈடாகாது. நம்பிய குருவானவரின் மார்புக்கு நேரே நீட்டிய துப்பாக்கியை அது நியாயமாக்காது. காதலின் பெயரால் அவன் வாங்கிய கடன்களை அவன் செலுத்தவில்லை. திபேர்ஜ் பொருளாற் செலுத்தினான். தந்தை துயராற் செலுத்தினார். பணியாளனும் மானோனும் உயிராற் செலுத்தினர்.

கலே துறைமுகத்துச் சத்திரத்தில் அவன் கதை முடிகிறது. கேட்டிருந்த பிரபு மனமுருகுகிறார். வாசகரும் உருகலாம், அதிற் பிழையில்லை. ஆயின் நூலை மூடிவைக்குமுன், பாஸி ஊரிற் சத்திரத்தின் முன்னே நின்ற அந்த வண்டிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தல் நன்று. அவற்றில் இருந்தவர்கள் பன்னிரண்டு பெண்கள். ஒருத்தியின் கதையைச் சொல்ல ஒருவன் பின்தொடர்ந்து வந்தான். மற்றைப் பதினொருவரும் அதே சங்கிலியில், அதே துறைமுகத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தனர்.